மொட்டைக் கிட்டார்

எங்கள் வீட்டில் சித்தப்பாவின் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மொட்டை என்று பெயர். வைத்தவர் அப்பா. கிட்டார் என்றால் அதன் தலைப்பகுதியில், கம்பிகளை முறுக்கும் திருகுகளுக்குப் பக்கத்தில், கம்பெனி பெயர் இருக்க வேண்டுமாம். சித்தப்பாவின் சிவப்புக் கிட்டாரில் அந்த இடம் வெறுமனே இருந்தது. அது ஜப்பானில் அறுபதுகளில் செய்தது, பல்லாவரத்து ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது என்பார் சித்தப்பா. அப்பா கேட்டால்தானே.

"ஜப்பானா? பேர் எங்கடா?"

"இருந்துச்சுண்ணா. போயிடுச்சு."

"போயிடுச்சா? அதுக்கு இன்னா, காலா முளைச்சுது?"

குரோம்பேட்டை வீட்டில் இந்தப் பேச்சு நடக்காத வாரம் கிடையாது. அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். முத்திரை இல்லாத பேரிங்கைக் கையால்கூடத் தொடமாட்டார். தம்பி நல்ல வேலையை உதறிவிட்டு மெல்லிசைக் குழுவோடு கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கப் போனதே அவருக்கு ஆறாத கோபம். அதற்கு மேல் எவனோ டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டான், இவன் அதை மறைக்கப் புளுகுகிறான் என்பது அவர் கட்சி. சொந்தக்காரர்கள் எதிரிலேயே புளுகன் என்பார். சித்தப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எனக்கு அப்போது ஒன்பது வயது, சித்தப்பா என்றால் உயிர்.

ஆயுத பூஜைக்கு மட்டும் மொட்டைக்கு மரியாதை உண்டு. முதல் நாளே அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அப்பாவின் ஸ்பேனர்கள், தையல் மெஷின், அரிவாள்மனை, என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் அவள் முன்னால் வந்து சேரும். அம்மா கையில் புளி ஏறிவிட்டால் எதுவும் தப்பாது. குத்துவிளக்கைத் தேய்க்கிற அதே தேய்ப்புதான் கிட்டாரின் திருகுகளுக்கும். அந்த வேகத்திலேயே தலைப்பகுதியையும் அழுத்தித் தேய்த்துத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பாள். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்தே அது அவள் வேலை. "போதும் அண்ணி, கண்ணு கூசுது," என்று சித்தப்பா பக்குவமாக வாங்கிக்கொண்டு போவார்.

அந்த வருடம் பூஜை முடிந்த கையோடு மேடவாக்கத்தில் ஒரு ரிசப்ஷன். சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் கிட்டாரைப் பார்த்துவிட்டு மேடைக்கே ஏறி வந்துவிட்டாராம். பழைய கிட்டார் சேர்ப்பது அவருக்குப் பைத்தியம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சித்தப்பா சொல்லிவிட்டார்.

"விக்கிறதுக்கு இல்ல சார். இது எந்த ஊர் சரக்குன்னு பாத்து, எங்கண்ணன் எதிர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அது போதும்."

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

வந்தவர் தரையில் டவலை விரித்து, கம்பிகளைத் தளர்த்தி, முதுகுப் பக்கத் திருகாணிகளைக் கழற்றினார். கழுத்து வேறு, உடம்பு வேறாக மொட்டை பிரிந்து வந்தது. கழுத்தின் அடிக்கட்டையில், இத்தனை நாள் யார் கண்ணிலும் படாத இடத்தில், பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. ஜப்பான் எழுத்து என்றார். பிறகு கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பைத் தொட்டுக் காட்டினார். சல்லடை மாதிரி மூடிக்குள் தங்க நிறத் தாள் மின்னியது.

"இந்தத் தங்கத்தாள் பிக்கப் அந்தக் காலத்து ஜப்பான் ஃபேக்டரிங்கள்ல போட்டது. எழுத்தும் அதேதான். சந்தேகமே இல்ல சார், அறுபதுகள்ல செஞ்சது."

அப்பா எழுந்து வந்து, கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "சரிடா," என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்ததே பெரிது. எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். வந்தவர் செல்போன் விளக்கைத் தலைப்பகுதியில் சாய்வாக அடித்தார்.

"பேரும் இருந்திருக்கு. பாருங்க, எழுத்து இருந்த தடம் தெரியுது. யாரோ நல்லா அழுத்தித் தேய்ச்சு எடுத்திருக்காங்க. அடடா, அது மட்டும் இருந்திருந்தா இதோட மதிப்பே வேற சார்."

அப்பாவின் முகம் மாறியது. "எவன் தேய்ச்சது?" என்றார். ஒருவர் தப்பு அப்பா கையில் சிக்கினால் பத்து வருடமானாலும் சொல்லிக் காட்டுவார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா காபித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

சித்தப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் வாங்கறப்பவே அப்படித்தாண்ணா இருந்துச்சு. அந்தப் பெரியவர் தேய்ச்சிருப்பாரு."

"இருந்துச்சு, போயிடுச்சுன்னுதானே இத்தினி நாளா சொல்லிக்கினு இருந்தே?"

"அது சும்மா சொன்னேண்ணா. புளுகுதான்."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாத்தீங்களா சார், நான் அப்பவே சொன்னேன்," என்று காபியை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஜெயித்த அன்றைக்கே போய் யாராவது தன்னைப் புளுகன் என்று ஒப்புக்கொள்வார்களா? அப்பாவே "சரிடா" என்று சொன்ன பிறகு? அந்தக் கோபத்தில் சித்தப்பாவோடு சில நாள் பேசவே இல்லை. அன்று மத்தியானம் அம்மா அப்பாவுக்கு முன்னால் சித்தப்பாவுக்குச் சோறு போட்டாள். வழக்கமில்லாத வழக்கம். அப்பளம் கேட்காமலே மறுபடி மறுபடி வைத்தாள். அவள் கண் சிவந்திருந்தது. "சாப்பிடுங்க தம்பி," என்றாள். அப்பா அப்படிச் சிரித்ததற்குத்தான் அம்மாவுக்கு வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானும் அம்மா முன்னால் வந்தன. கிட்டாரை மட்டும் அவள் தொடவில்லை. மெத்தென்ற பழைய வேட்டித் துணியைச் சித்தப்பாவிடம் கொடுத்து, "நீங்களே தொடச்சிக்குங்க தம்பி," என்றாள். பொட்டைக்கூடக் கிட்டார் பெட்டியின் மேல்தான் வைத்தாள்.

"ஏம்மா, மொட்டைக்குப் புளி இல்லியா?" என்று கேட்டேன்.

"அது ஜப்பான் சாமான்டி. அதுக்குப் புளி ஆகாது," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் அதை அப்படியே நம்பினேன். ஜப்பான் என்று போட்டிருந்த என் கால்குலேட்டரைக்கூட அன்று அம்மாவின் புளிக்கிண்ணத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, பத்திரமாகத் தள்ளி வைத்தேன்.