நட்டதை மிதித்த படம்

ஒரத்தநாட்டுப் பக்கம் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் முதலில் அம்சத்தைத்தான் கேட்பார்கள். பதினோரு வயதில் வயலில் இறங்கியவள், இன்றைக்கு ஐம்பத்தெட்டு. பண்ணையில் கூலிக்கு நட்ட குடும்பம்; இப்போது சொந்தமாக மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம்; மகள் தமிழ்நிலா மாட்டு டாக்டர். நடவு மெஷின் வந்த பிறகும் அம்சத்தின் பதினாறு பேர் செட்டுக்கு ஓய்வில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒத்துக்கொள்வாள்.

போன குறுவைக்கு லண்டனிலிருந்து ஒரு படக்குழு அவள் வயலுக்கு வந்தது. கூட வந்த சென்னைப் பெண் ஷோபனா, செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"இருநூறு வருஷத்துக்கு முந்தின கேலிப்படம்மா. லண்டன்ல அச்சடிச்சு, கடைக்குக் கடை தொங்கவிட்டு வித்திருக்காங்க. தஞ்சாவூரையே பாக்காத சனம், இதைப் பாத்துட்டுத்தான் நம்மளை எடை போட்டுச்சு."

படத்தில், வரப்பில் குடை நிழலில் ஒரு துரை. கீழே சேற்றில் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டே முன்னால் நடக்கிறார்கள், நட்டதையெல்லாம் மிதித்துக்கொண்டு. துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

அம்சத்துக்குச் சுருக்கென்றது. நடுகிறவள் நட்டுக்கொண்டே பின்பக்கமாகத்தான் நகர்வாள். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரைந்தவன் வயலைக் கண்ணால் கண்டதில்லை. கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று? ஒரு தேசமே நம்பிச் சிரித்திருக்கிறது.

"இதே மாதிரி ரெண்டு நிமிஷம் நடந்து காட்டணும்மா. அவங்க நம்மளை எப்படிப் பாத்தாங்கன்னு அப்பத்தான் புரியும்னு டைரக்டர் சொல்றார்."

"அவன் எப்படிப் பாத்தான்னு காட்ட அவன் படமே போதும். நாங்க எதுக்கு?"

செட்டில் இருந்த வானதி முழங்கையால் இடித்தாள். "ரெண்டு நிமிஷந்தானேக்கா. நம்மளும் டிவில வருவோம்."

"வருவோம். நட்டதையே மிதிக்கிற கூமுட்டைங்களா வருவோம். அன்னிக்குக் காகிதத்தைப் பாத்துச் சிரிச்சான், இனிமே டிவியைப் பாத்துச் சிரிப்பான்."

ஷோபனா டைரக்டரிடம் போய்ப் பேசிவிட்டு, தயங்கித் தயங்கித் திரும்பினாள். "முடியாதுன்னா வேற ஊருக்குப் போயிடுவாங்களாம்மா."

"போகட்டும்." அம்சம் சேலையை இழுத்துச் செருகினாள். "எங்கம்மா பண்ணையாள். வரப்புல நின்னவன் அவளை அடிச்சிருக்கான், வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கான். ஆனா இவளுக்கு நடத் தெரியலைன்னு அவன்கூட ஒரு நாளும் சொன்னதில்ல."