முழத்துண்டுகளில் ஒரு மேசை

அந்தக் காலத்தில் துறைமுக வாசலால் முழுப் பலகை வெளியே வராது. உடைந்ததுதான் வரும். கப்பலில் சரக்கு மூட்டைகளுக்கு அடியில் ஈரம் ஏறாமலிருக்க விரித்து வரும் பலகைகள் அவை. சரக்கு இறங்கியதும் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். இறக்குகூலிக்கு நிற்பவர்கள் சனிக்கிழமைகளில் வேலை விட்டு வரும்போது அதில் ஒரு கட்டு விறகுக்கு எடுத்து வரலாம் என்று வழக்கம். ஒரேயொரு நிபந்தனை இருந்தது. எந்தத் துண்டும் ஒரு முழத்துக்கு மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் அது விறகில்லை, பலகை. பலகை என்றால் களவு. களவு என்றால் அடுத்த நாள் வேலைக்குப் போக வேண்டியதில்லை.

யாருடைய முழம் என்று கேட்டால், அன்று வாசலில் காவலுக்கு நிற்கும் வாச்சருடைய முழம். அவர் விறகுக் கட்டின் மேல் முழங்கையை வைத்து விரல் நுனிவரை பார்ப்பார். இரண்டு வாச்சர்மார் மாறி மாறி நின்றார்கள். ஒருவர் நெட்டை. மற்றவர் கட்டை. கட்டை வாச்சருடைய முழம் என்னுடைய முழத்தையும் விடச் சிறிது. எந்தச் சனிக்கிழமை யார் நிற்கிறார் என்று பார்த்துத்தான் இவர், அதாவது என் வீட்டுக்காரர், பலகையை உடைப்பார். நல்ல பலகையைக் கல்லில் வைத்து உடைக்கும்போது மனம் நோகும் என்று சொல்லுவார். எனக்கு மனம் நோகாது. அந்த உடைசல்களில் முறிவு நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கி, அடுப்புக்குப் போகாமல் குசினி மூலையில் அடுக்கி வைப்பேன்.

கோதுமைமா மூட்டைகளைத் தவிர வெளியிலிருந்து சாமான் வராத வருடங்கள் அவை. கூப்பன் சாமான் கொடுக்கும் சங்கக்கடையில் எழுதுகிற கொப்பி கேட்டால் இல்லை என்பார்கள். இல்லை என்று சொல்லும்போது கடைக்காரர் தன் காலடியை ஒரு தரம் பார்ப்பார். அங்கே ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் என்ன என்று நான் இன்றுவரை அறியேன். கொப்பி என்றுதான் நினைக்கிறேன்.

மகள் தையில் ஆறாம் வகுப்புக்கு, டவுனில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகவிருந்தாள். நான் ஐந்தோடு நின்றவள். சாம்பல்தீவில் என் தகப்பனுக்குக் கடல்தொழில் படுத்துப்போன வருடம், நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே என் படிப்பு நின்றது. யாரும் நிற்பாட்டவில்லை. அதனால்தான் எனக்குப் பயம். இவருடைய வேலை ஒரு மாதம் இல்லையென்றால் மகளுடைய படிப்பும் அப்படித்தான் சத்தமில்லாமல் நின்றுவிடும் என்று தெரியும்.

ஆகவே மார்கழி முழுவதும் வீட்டில் பள்ளிக்கூடச் சாமான் செய்தேன். பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கழற்றி, வலை பின்னும் நைலோன் நூலால் தைத்து, கோதுமைமாப் பசையால் மட்டை ஒட்டினேன். பசைக்குள் வேப்பெண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு முன்னால் கரப்பான் படித்து முடித்துவிடும். குட்டிப் பென்சில்களை மூங்கில் குழலுக்குள் இறுக்கினேன். பலகைச் சிராயில் அடிமட்டம் சீவி, அயல் வீட்டு அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துக் கோடு கீறினேன். அந்த அயல் வீட்டு அடிமட்டம் சரியானதா என்று ஒரு சந்தேகம் வந்தது. இன்னொரு வீட்டில் இன்னொன்றை இரவல் வாங்கி ஒத்துப் பார்த்தேன். இரண்டும் ஒத்தபோதும் முழுதாக நம்பிக்கை வரவில்லை.

பிறகு மேசை. நிலத்தில் பாயில் இருந்து எழுதும் உயரம்தான். முழத்துண்டுகளைச் செங்கல் வைப்பதுபோல மாற்றி மாற்றி அடுக்கி, கீழே குறுக்குச் சட்டம் வைத்து இவர் ஆணி அடித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் டவுன் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் விறகு மேசை என்று சிரிப்பார்கள் என்று எனக்குப் பட்டது. என் தகப்பன் வள்ளத்துக்குச் செய்வதுபோல, குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, பஞ்சோடு பொருத்துகளுக்குள் இறுக்கினேன். அது இறுகியதும் கண்ணாடித்துண்டால் சுரண்டி மட்டமாக்கினேன். வேலியில் படர்ந்த கோவையிலையை அடுப்புக்கரியோடு அரைத்து, மேலே மூன்று பூச்சுப் பூசினேன். மாரி ஈரத்தில் காயவில்லை. அடுப்படியில் சாய்த்து வைத்துக் காய வைத்தேன். கீழ்ப்பக்கமும் பூசினேன்.

"கீழ எதுக்கப்பா?" என்று இவர் கேட்டார்.

"ஆரும் குனிஞ்சு பாத்தால்?"

"உமக்கு மழை பெஞ்சாலும் ஆர் ஊத்தினதெண்டு கேள்வி."

காய்ந்த பிறகு அது ஒற்றைக் கரும்பலகைபோல இருந்தது. சோக்கட்டியால் எழுதவும் செய்யலாம். மகள் அதன்மேல் கணக்குப் போட்டுப் போட்டு அழித்தாள்.

கட்டை வாச்சருடைய வீடும் லிங்கநகரில்தான், எங்கள் ஒழுங்கை முடிவில் திரும்பினால் வரும். அவருடைய மகளும் அதே வகுப்பு. பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் கிழமையே சேர்ந்து படிக்க வந்தாள். வந்த பிள்ளை கொப்பியைத் திறக்கவில்லை. மேசையை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தடவினாள்.

"மாமி, இது கடையில வாங்கினதோ?"

"இல்லைப் பிள்ளை. சும்மா வீட்டில செய்தது."

"ஒரே பலகையோ?"

நான் காது கேட்காததுபோல் குசினிக்குள் போனேன். கதவு இடுக்கால் பார்த்தேன். அவள் மேசை விளிம்பில் சாண் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகள் எதற்கும் சாண் போடும்தான். ஆனாலும் வாச்சருடைய பிள்ளை ஏன் எங்கள் மேசைக்குச் சாண் போட வேண்டும்? மகளிடம் பிறகு விசாரித்தேன்.

"அவளைத் தகப்பன் அனுப்பினவரோ?"

"ஏனம்மா? பிரிகணக்கு விளங்கேல்லை எண்டு வந்தவள்."

"பிரிகணக்குக்கு ஏன் சாண்?"

மகள் என்னைப் பார்த்த பார்வையில், பதில் சொல்லிப் பிரயோசனமில்லை என்று இருந்தது.

இவரிடம் சொன்னேன். சிரித்தார். "வாச்சருக்கு வேற வேலை இல்லையே? அந்த மனுசன் வீட்டில வந்து முழம் போடுவார் எண்டு நினைக்கிறீரோ?"

அந்த ஞாயிறு அவர் வந்தார்.

மழை. குடையை மடக்கி வாசல் ஓரம் சாத்திவிட்டு நின்றார். காக்கி இல்லை, இடுப்பில் சாரம்தான். காக்கி இல்லாமல் வந்தது எனக்கு இன்னும் பயம். உத்தியோகமாக வந்தால் உத்தியோகமாகக் கதைக்கலாம். கதிரையைத் தள்ளி வைத்தேன். அவர் அதில் இருக்கவில்லை.

"தங்கச்சி, பிள்ளையின்ர மேசையை ஒருக்காப் பாக்கலாமோ?"

"மேசையோ? அது மேசை இல்லை அண்ணை, சும்மா விறகு."

"விறகெண்டால் ஏன் இவ்வளவு மினுக்கம்?"

அதற்குள் அவர் குனிந்து பார்த்துவிட்டார். மகள் மேசைக்குப் பின்னால் சோக்கட்டியோடு இருந்தாள். பாதி போட்ட கணக்கு. இவர் கிணற்றடியிலிருந்து துவாயோடு ஓடி வந்தார்.

"வாங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிப்பம்."

"தேத்தண்ணி பிறகு. இது எந்த வாசலால வந்தது?"

"உங்கட வாசலாலதான். விறகுக் கட்டில வந்தது. துண்டு துண்டாய்ப் பொருத்தினது."

"பொருத்து எங்க?"

அவர் உள்ளங்கையால் தடவினார். நகத்தால் கீறினார். கரி நகத்தில் ஏறியது, பொருத்து அகப்படவில்லை. என் கைவேலையை யாரும் இப்படி மெச்சியதில்லை.

"கீழ பாருங்கோ அண்ணை" என்று இவர் மேசையைப் புரட்டினார். கீழும் கறுப்பு. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சட்டம் அடிச்சிருக்கு, தெரியுதுதானே? துண்டெண்டபடியால்தானே சட்டம்."

"முழுப் பலகைக்கும் சட்டம் அடிக்கிறதுதான்" என்றார் வாச்சர். குரல் உயரவில்லை. "தம்பி, போன கிழமை உள்ளுக்க பலகை குறையுதெண்டு ஒரு கதை வந்தது. இந்த நீளத்தில ஒண்டு என்ர வாசலால வந்திருந்தால், ஒண்டில் நான் குருடன், இல்லாட்டி நானும் கூட்டு. இரண்டும் எனக்குக் கூடாது. ஆரும் இந்த ஒழுங்கையால போகேக்க எட்டிப் பாத்தால் என்ன சொல்லுவான்? வாச்சற்ற வீட்டுக்குக் கிட்ட எண்டு சொல்லுவான்."

அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் என் பயம் குறையவில்லை. பயந்த மனிதர் தன்னைக் காப்பாற்ற யாரையும் காட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன்.

நான் குசினிக்குள் போய் ஒரு சட்டித் தண்ணீரும் தேங்காய்த் தும்பும் எடுத்து வந்தேன். மேசையை நிமிர்த்தி வைத்துத் தண்ணீரை ஊற்றினேன்.

"அம்மா, என்ர கணக்கு!"

"கணக்கைப் பிறகு போடலாம்."

தும்பால் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வழிந்து பாயையும் என் சேலைக் கரையையும் நனைத்தது. இரண்டு பூச்சு இலகுவில் போனது. அடிப்பூச்சு வர மறுத்தது. நான் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மெல்ல மெல்ல வெளிறிய மரம் தெரிந்தது. பிறகு, மஞ்சள் நூல் இழுத்ததுபோல, குங்கிலியப் பொருத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

வாச்சர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தார். முதல் துண்டின் மேல் முழங்கையை வைத்தார். விரல் நுனி பொருத்தைத் தாண்டியது. அடுத்தது. அதுவும் சரி. அடுத்த வரிசை. நானும் இவரும் அவருடைய நடுவிரலையே பார்த்தோம். கணக்குப் போனதற்கு அழுதுகொண்டிருந்த மகள்கூட நிறுத்திவிட்டாள்.

கடைசி வரிசையில், ஓரத் துண்டில், விரல் நின்ற இடத்துக்குப் பிறகும் மரம் இருந்தது. நாலு விரல் அகலம்.

"இது?"

"அது…" இவர் துவாயை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார். "அது நெட்டையரின்ர சனிக்கிழமை அண்ணை."

வாச்சர் இன்னொரு தரம் கையை வைத்தார். இந்தமுறை விரல்களை நன்றாக நீட்டியதை நான் கண்டேன். தோளையும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினார். எங்களுக்காக நீட்டினாரா, தனக்காக நீட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எப்படி நீட்டியும் எட்டவில்லை.

"ஓம். அவற்ற கை நீளம்தான்" என்று எழும்பினார். "நெட்டையனுக்கு முழம் இல்லை, மாங்காய் பிடுங்கிற கொக்கத்தடி."

இவர் சிரித்தார். தேவைக்கு மேல் சிரித்தார். வாச்சர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். போகும்போது என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, இனி மேல்பூச்சு வேண்டாம். பொருத்துத் தெரியட்டும். நானும் பிள்ளைகுட்டிக்காரன்."

அவர் ஒழுங்கை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மழை விட்டிருந்தது. பிறகுதான் வாசல் ஓரத்தில் குடை கிடப்பதைக் கண்டேன்.

"இஞ்சேருங்கோ, குடையை விட்டுட்டுப் போட்டார்."

"மறந்திருப்பார்."

"மழைக்காலத்தில ஆர் குடையை மறக்கிறது? திரும்பி வாறதுக்கு ஒரு சாட்டு. ஆளைக் கூட்டிக்கொண்டு வரப்போறார்."

"வரட்டுமன். நெட்டையரைக் கேட்டால் அவர் சொல்லுவார்தானே."

"நெட்டையர் இல்லையெண்டு சொன்னால்? தன்ர கையில்லை எண்டு சொன்னால்? அவருக்கும் வேலை வேணும்தானே."

நான் மரம் அறுக்கும் வாளை எடுத்து இவருடைய கையில் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே அந்த ஓரத் துண்டில் நாலு விரல் அகல மரத்தை அறுத்தார். அறுத்து எடுத்த இடம் மேசையின் மூலையில் பல் விழுந்த வாய்போல இருந்தது. மகளுக்கு மறுபடி கண் கலங்கியது. நான் மாப்பேணித் தகரத்தில் ஒரு துண்டு வெட்டி, இடைவெளிக்கு அடியில் வைத்து ஆணி அடித்தேன். மசிப்போத்தலை அதற்குள் இறக்கினேன். அசையாமல் நின்றது. மகள் போத்தலை ஆட்டிப் பார்த்தாள். பெரிய பள்ளிக்கூடத்து டெஸ்க்கிலும் இப்படித்தான் மசிக்கு ஒரு குழி இருக்கிறது என்று சொன்னாள். சொல்லிவிட்டு அழித்த கணக்கைக் கொப்பியில் திரும்ப எழுதத் தொடங்கினாள்.

அறுத்த நாலு விரல் துண்டை அடுப்பில் வைத்தேன். எரிந்து முடியும்வரை பக்கத்தில் இருந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் வாச்சர் குடைக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். பின்னால் யாரும் வருகிறார்களா என்று நான் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். அவரும் உள்ளே என் தோளுக்கு மேலால் பார்த்தார். மேசையின் மூலை அவருடைய கண்ணில் பட்டது.

"அறுத்துப் போட்டியளோ?"

"ஓம் அண்ணை. உங்கட முழத்துக்கு."

"துண்டு எங்க?"

"அடுப்புக்க போட்டிட்டன்."

"விறகுதானே" என்றார். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

நான் வேலிப் படலைவரை போய் நின்றேன். ஒழுங்கை முடிவில் இடப்பக்கம் போனால் துறைமுக வாசல், வலப்பக்கம் அவருடைய வீடு. அவர் வலப்பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து, மசிப்போத்தலை நிரப்பச் சொல்லி மகளிடம் சொன்னேன்.