இரும்புக் காலும் கரைவலைக் கயிறும்

எனக்கு வைத்த பட்டப்பெயரையே பிடித்துக்கொண்டு நான் சண்டை போட்ட கதை இது. எழுபதுகளில், மாமல்லபுரத்துக்கு வடக்கே எங்கள் மீனவக் குப்பத்தில் நடந்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது.

குழந்தையில் வந்த போலியோ என் இடது பாதத்தைத் தொங்கப் போட்டுவிட்டது. அடி எடுத்து வைத்தால் கணுக்கால் மடங்கும். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் அளவெடுத்து ஒரு காலிப்பர் கொடுத்தார்கள். கறுப்பு பூட்ஸ், அதன் இரு பக்கமும் முழங்காலுக்குக் கீழ்வரை ஏறும் இரும்புக் கம்பிகள், கணுக்காலை இழுத்துக் கட்ட ஒரு தோல் வார். எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. பூட்ஸை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது. அதை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை யார் கையையும் பிடிக்காமல் நடந்தேன். ஊர் திரும்பிய அன்றே குப்பத்தில் பெயர் வைத்துவிட்டார்கள்: இரும்புக் காலு.

வைக்கட்டும். எனக்கு வேண்டியது கரைவலைக் கயிறு. கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்றபடி இரண்டு கயிறுகளில் இழுப்பார்கள். குதிகாலை மணலில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, அடி அடியாகப் பின்வாங்க வேண்டும். கயிறு பிடித்தவனுக்கு மீனில் பங்கு உண்டு. என் வயதுப் பையன்கள் எல்லாரும் பிடித்தார்கள். என் அப்பாவோ செங்கல்பட்டில் ஒரு தையல்காரரிடம் எனக்காகப் பேசி வைத்திருந்தார். "ஒக்காந்து செய்ற வேலடா" என்றார். தையல் மிஷினை மிதிக்கக் கால் வேண்டாமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வலை என் தாய்மாமாவுடையது. செருப்புக் காலோடு வலைக்கும் கயிற்றுக்கும் கிட்டே யாரும் வரக்கூடாது. வலை லட்சுமி, அவமதித்தால் மீன் வராது. அதனால் முதல் நாள் காலிப்பரைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு போய்ப் பிடித்தேன். கயிறு இறுகியதும் கணுக்கால் மடங்கி முகம் குப்புற விழுந்தேன். முன்னால் இருந்தவர் பின்வாங்கி வந்து என் மேலேயே இடறினார். ஒரே சிரிப்பு. "போதும், வூட்டுக்குப் போடா" என்றார் மாமா. அப்பா தூக்க வந்தார். நான் தூக்க விடவில்லை.

மறுநாள் காலிப்பரோடு போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"டேய், இன்னாடா இது? செருப்போட வந்து கயித்தப் புடிக்கிற!" என்று மாமா கத்தினார்.

"இது செருப்பு இல்ல மாமா. காலு."

"பூட்ஸு போட்டுகினு காலுன்றியா?"

"குப்பமே என்ன இன்னான்னு கூப்புடுது? இரும்புக் காலு. நீயுந்தான் கூப்புடுற. அப்ப இது காலுதான். நீ ஒங்காலக் கழட்டி வெச்சுட்டு இழு, நானும் கழட்டுறேன்."

மாமா கடலைத் திரும்பிப் பார்த்தார். வலை கடலில் கிடந்தது, நீரோட்டம் அதை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. என்னோடு வழக்குப் பேச அவருக்கு நேரமில்லை. "காலுதான் அண்ணாத்த, நீ இழு" என்று பின்னாலிருந்து யாரோ மாமாவிடம் சொன்னார்.

இழுத்தோம். பூட்ஸின் குதி மணலில் இறங்கி நின்றது. கம்பிகள் கணுக்காலை மடங்க விடவில்லை. வார் தோலை அறுத்தது. அறுக்கட்டும் என்று இழுத்தேன். பயமும் இருந்தது. அன்று மீன் வராவிட்டால் பழி முழுவதும் என் பூட்ஸின் மேல்தான் விழும். கடைசியில் மீன் சேரும் வலையின் மடி கரையேறியது. கொட்டோ கொட்டென்று கொட்டவில்லை, ஆனால் முந்தின நாளுக்குக் குறைவில்லை, நெத்திலி. மாமா எல்லாருக்கும் போட்டது போல என் கூடையிலும் அள்ளிப் போட்டார். அந்தக் கூடையை அம்மாவிடம் கொடுத்தபோது எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

உப்பு போக நல்ல தண்ணீரில் கம்பிகளைத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அப்பா நெத்திலிக் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார். நான் விடவில்லை.

"அந்தத் தையக்காரருகிட்ட இன்னா சொல்லப் போற?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"நான் எதுக்குச் சொல்லணும்? நீயே பஸ் ஏறிப் போயி வரலன்னு சொல்லிட்டு வா. அதான் காலு கீதே."