நாளை பதினொரு மணிக்கு

ஐந்து வருடங்களுக்கு முன், அண்ணனின் மகளான என் பெறாமகளின் கலியாணத்துக்காக ரொறன்ரோவில் இருந்து ஜெர்மனிக்குப் போயிருந்தேன். கலியாணம் முடிந்தும் கையில் நான்கு நாட்கள் மிச்சம் இருந்தன. பக்கத்திலேயே ஒல்லாந்து. அங்கேதான் என் பழைய சுப்பவைசர் இருந்தார்.

முப்பது வருடங்களுக்கு முன் நான் அகதியாகக் கனடா வந்து ஸ்காபரோவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தபோது, அந்த ஒல்லாந்துப் பெண்மணிக்குக் கீழேதான் வேலை. எதையும் முகத்துக்கு நேரே சொல்வார். கன்வஸ் சப்பாத்தோடு பனிக்குள் வந்த என்னைப் பார்த்து, இப்படியே வந்தால் கால்விரலை வெட்டித்தான் எடுப்பார்கள் என்றார். மறுநாள் ஒரு சோடி பனிச்சப்பாத்து கொண்டுவந்து தந்தார். அப்போது என் வாயில் ஆங்கிலம் இல்லை. ஒழுங்காக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ஓய்வு பெற்றுக் கணவரோடு ஊர் திரும்பிய பிறகும், என் பிறந்தநாளுக்கு, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு அவருடைய கார்ட் தவறாமல் வரும். இந்தமுறை நேரில் போய் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பெறாமகள் ஒல்லாந்தில் இரண்டு வருடம் படித்தவள். சைக்கிள் பாதையில் நடக்கக் கூடாது, கோப்பியோடு பிஸ்கற் நீட்டினால் ஒன்றுதான் எடுக்க வேண்டும் என்று பாடம் எடுத்தாள்.

"சித்தப்பா, சொல்லாமல் போய் நிக்காதேங்கோ. முதல் கேட்டு நேரம் எடுங்கோ. ஆறு மணி அவையின்ர சாப்பாட்டு நேரம்."

"என்னைக் கண்டால் அவ துள்ளிக் குதிப்பா. உனக்கென்ன தெரியும்?" என்றேன். நம் வீடுகளுக்கு யார் கேட்டுவிட்டு வருகிறார்கள்?

ஒரு பெட்டி பயற்றம் பணியாரத்தோடு ரயில் ஏறினேன். வீட்டு மணியை அடித்தபோது சரியாக மாலை ஆறு. கதவைத் திறந்தவருக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. பிறகு உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"இப்போது உன்னை உள்ளே கூப்பிட முடியாது. நாளை பதினொரு மணிக்குக் கோப்பிக்கு வா."

எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே கட்டாயம் வருகிறேன் என்றேன். பணியாரப் பெட்டியைக்கூடக் கொடுக்கவில்லை. கடல் தாண்டி வந்தவனை வாசலோடு அனுப்பிவிட்டாரே என்று பொருமிக்கொண்டு, அடுத்த ரயிலில் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த வருடமும் கார்ட் வந்தது. வழக்கத்தைவிட நீளமாக எழுதியிருந்தார். கணவருக்கு மறதி நோயாம். மாலையில் புதுமுகம் கண்டால் பயந்து அழுவாராம், காலையில் நன்றாக இருப்பாராம். "உனக்குத் தந்த சப்பாத்து அவருடையது. அவரை உனக்குக் காட்ட ஆசைப்பட்டேன். அப்பிள் கேக் செய்து வைத்து, மறுநாள் மத்தியானம் ஒரு மணி வரை உன்னைப் பார்த்திருந்தோம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தக் கிழமை பேசுவோம், அடுத்த கிழமை பேசுவோம் என்று தள்ளிக்கொண்டே போனேன், மடையன். அடுத்த பிறந்தநாளுக்குக் கார்ட் வரவில்லை. அன்றுதான் ஃபோன் எடுத்தேன். அவருடைய மகள் பேசினாள். அம்மா இறந்து மூன்று மாதம் என்றாள். என் பெயரைச் சொன்னதும், அது இன்னும் அவர்களின் கழிவறைச் சுவரில், ஒல்லாந்து வீடுகளில் வழக்கமாக அங்கே தொங்கும் பிறந்தநாள் கலண்டரில் அம்மாவின் கையெழுத்தில் இருப்பதாகச் சொன்னாள்.

முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் மறுநாள் எனக்காகக் காத்திருந்தார். சிரித்துக்கொண்டே வருகிறேன் என்று சொன்ன நான்தான் போகவில்லை என்பது இன்றைக்கும் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது.