சாமி பெயரையும் மாற்றிவிட்ட கம்ப்யூட்டர்

ஓசூரில் நானும் கணவரும் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் வாங்கிய புதிது. பழைய பத்திரிகையில் ஒரு பெயரை மாற்றச் சொன்னால், அது வருகிற இடத்திலெல்லாம் தானாகவே மாற்றிவிடும். எனக்கு ஒரே அதிசயம்.

பக்கத்து ஊரான பேரிகையிலிருந்து ஒருவர், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கேட்டு வந்தார். பழைய பத்திரிகையின் மாப்பிள்ளை பெயர் முருகன், இவர்கள் மாப்பிள்ளை கோவிந்தராஜ். ஒரே தட்டில் மாற்றிவிட்டேன். முதல் பத்திரிகையைக் கோயிலில் வைக்க வேண்டுமென்று அவர் காத்திருந்ததால், ஒன்றை மட்டும் அடித்து, மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றப்போனவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, மாப்பிள்ளைக்கு இப்பவே கோயில் கட்டிட்டீங்களா?"

வாங்கிப் பார்த்தேன். உச்சியில் 'ஓம் முருகன் துணை' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஓம் கோவிந்தராஜ் துணை'. நல்ல காரியத்தில் அபசகுனம் என்று நினைத்துவிடுவாரோ?

"விடும்மா. இதைப் பார்த்தா மாப்பிள்ளை தரையில நிக்க மாட்டார். முருகனைத் திரும்பக் கூப்பிடு" என்று சிரித்தார்.

இப்போதும் பெயர்களைக் கம்ப்யூட்டர்தான் மாற்றுகிறது. ஆனால் உச்சி வரியை முதலிலேயே அழித்துவிடுவேன். எல்லாம் முடிந்தபின், அந்த வீட்டுச் சாமியின் பெயரைக் கேட்டு, நானே எழுத்தெழுத்தாக அடிக்கிறேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் எவ்வளவு நேரம் ஆனாலும் கவலைப்படுவதில்லை.