குத்தாலத்துக் கழுநீரும் எங்க வீட்டு எருமையும்

கழுநீர் எடுக்கிற தொழில்ல முதல்ல மூக்கு மரத்துப்போகும், அப்புறம் இடுப்பு போகும். ஓட்டல் ஓட்டலா எச்சில் வாளி தூக்கின உங்களுக்கெல்லாம் இதை நான் சொல்லியா தெரியணும்? குத்தாலத்துல அருவிக்குப் பக்கத்து ஓட்டல் ஒண்ணுல மிச்சச் சோறு, எச்சில் இலை, வடிகஞ்சி எல்லாத்தையும் பீப்பாயில சேத்து, மாட்டு வண்டியில தென்காசியில இருக்க எங்க வீட்டுக்குக் கொண்டுபோவேன். வீட்டுல ஒரு சினை எருமை. அது கன்னு போட்டுப் பால் கறந்தாத்தான் எங்க அடுப்பு எரியும். அதோட வயித்துக்கு இந்தக் கழுநீரை விட்டா வேற கதி கிடையாது.

பல் செட்டு

சாரல் சீசன்ல ஒரு நாள் வண்டி கிளம்பப் போவுது, மதுரைக்காரர் ஒருத்தர் ஈர வேட்டியோட ஓடி வாரார். சாப்பிடும்போது உறுத்துதுன்னு பல் செட்டைக் கழத்தி இலை ஓரத்துல வச்சாராம். அப்படியே இலையை மடக்கிட்டு எந்திரிச்சுட்டாராம். வாயில பல் இல்லாம அவர் பேசினதுல எனக்குப் பாதிதான் புரிஞ்சுது.

பீப்பாய்க்குள்ள தோள் வரைக்கும் கையை விட்டு, இலை இலையாப் பிரிச்சேன். ரசம், மோர், முருங்கைக்காய்ச் சக்கை. ஒரு வழியா அம்புட்டுது. மனுசன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாக்கார்.

"இது கீழ்ப் பல்லுங்க. மேல் பல்லையும் கொஞ்சம் பாருங்க."

தையல் இலை

கூட்டம் தாங்காம வாழை இலை தீந்துபோனா, ஈர்க்குச்சி குத்தித் தைச்ச இலையைப் போட்டிருவாங்க. ஒரு நாள் சப்ளையர் அதையும் பீப்பாயில தள்ளிட்டான். மேல கஞ்சி மூடினதுல எனக்குத் தெரியல. மறுநாள் காலையில எருமை வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது, தண்ணிகூட இறங்கல. "ஐயோ, வயித்துப் பிள்ளைக்காரில்லா, இப்படி நிக்காளே"ன்னு என் வீட்டுக்காரி அழுதுட்டா. நான் தலையைப் பிடிச்சுக்கிட, அவதான் தொண்டைக்குள்ள கையை விட்டு ஈர்க்குச்சியை உருவினா. ரத்தத்தோட வந்துது.

ஓட்டல் முதலாளிகிட்டப் போய், அந்த இலையை மட்டும் தனியாப் போடச் சொல்லுங்க அண்ணாச்சின்னு கெஞ்சினேன்.

"எருமைக்குப் பந்தி வச்சுப் பரிமாறணுமோவே? பொறவு பாயசமும் கேப்பீரு!"

காபியில வாசம்

நல்லவேளை, எருமை சுகமாக் கன்னு போட்டுது. பாலை அதே ஓட்டலுக்குத்தான் ஊத்தினேன். கொஞ்ச நாள்தான். சாப்பிட வந்த ஒருத்தர், காபியில பெருங்காய வாசம் அடிக்குதுன்னு டம்ளரைத் தள்ளிவச்சுட்டார். முதலாளி அத்தனை பேருக்கு முன்னால என்னை நிறுத்தி, பாலுல என்னத்தைக் கலந்தேன்னு கேக்கார். எனக்கு வந்துது பாருங்க கோவம்! ஒண்ணும் கலக்கல அண்ணாச்சி, எருமை திங்கது உங்க சாம்பாரைத்தான்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. முதலாளி மட்டும் சிரிக்கல.

"அப்ப நம்ம சாம்பார் அதுக்கு ஒத்துக்கல. நாளையிலேருந்து கழுநீருக்கு வேற ஆளு வருவான். நீரு பாலை மட்டும் கொண்டாரும்."

கழுநீர் இல்லாம பால் மட்டும் எங்கேருந்து வரும்னு எருமைகிட்டக் கேட்டுப் பாத்தேன், அதுவும் என் மூஞ்சியத்தான் பாத்துது.