நாற்பது பேருக்கு ஒரு வயிறு

எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிற சுடலைமுத்து அண்ணனுக்குக் குளிராது. பதினோரு வருடமாக நாங்கள் அப்படித்தான் நம்பினோம். நம்ப வைத்தவரும் அவரே. தேன்கனிக்கோட்டையில் காலை ஆறே முக்காலுக்கு ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா சகிதம் நாங்கள் நாற்பது பேர் நடுங்கிக்கொண்டே ஏறுவோம். அவர் அரைக்கைச் சட்டையில், மேல் பொத்தான் இரண்டைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருப்பார்.

"இதெல்லாம் ஒரு குளிரா? நாங்கள்லாம் மார்கழியில ஆத்துல முங்கி எந்திரிச்சவங்கல்லா!"

எந்த ஊர் மார்கழி? திருநெல்வேலி மார்கழி! அங்கே மார்கழியிலும் ஃபேன் போட்டுத்தான் தூங்குவார் என்று அவர் மனைவி தங்கமணியே எங்களிடம் போட்டுக்கொடுத்திருக்கிறார். ஓசூர் பக்கம் வந்த முதல் மாதமே அந்த அம்மா ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தாராம். அது இன்னும் உறை பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது.

விடியற்காலையில் தயிர் ஊற்றிய பழைய சோறு சாப்பிடுவது அவருக்கு ஊர்ப்பழக்கம். அதைச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து வண்டி ஓட்டுவார். மூடினால் முன்கண்ணாடியில் ஆவி படிந்து ரோடு தெரியாது. ஆக, உள்ளே பழையது, வெளியே பனிக்காற்று. நடுவில் மாட்டிக்கொண்ட அந்த வயிற்றை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கும். ஆனால் அவர் ஒரு நாள்கூட லேட்டாக வந்ததில்லை. இந்தத் தடத்தில் அதுதான் அவருக்குப் பெயர்.

போன தை மாதம் ஒரு நாள், மத்திகிரிக்குப் பாதி வழியில், அவர் நெற்றியில் வியர்வை. அவருக்கு நேர் பின் சீட்டில் இருந்த குவாலிட்டி செக்ஷன் லாவண்யா கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணா, இந்தக் குளிர்ல வேர்க்குது?"

"இஞ்சின் சூடும்மா."

சொன்ன வேகத்தில் பஸ் ஓரங்கட்டியது. டயரில் காற்றுப் பார்க்கவேண்டும் என்று இறங்கியவர், டயரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டோரத் தோட்டத்து வீட்டைப் பார்த்து ஓடினார். அங்கே பால் கறந்துகொண்டிருந்த வீட்டுக்காரம்மா மாதம்மாள், "ஏனாய்த்து, என்ன ஆச்சு சாமி?" என்று பதறி, முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, ஒரு வாளித் தண்ணீரைக் கையில் கொடுத்துப் பின்பக்கம் காட்டினார்.

திரும்பி வந்து ஸ்டியரிங்கைத் தொட்டார். மறுபடியும் ஓடினார். மொத்தம் மூன்று முறை. மூன்றாம் முறை மாதம்மாள் ஓமம் கொதிக்க வைத்த தண்ணீரை ஒரு டம்ளர் குடிக்க வைத்துத்தான் விட்டார். கம்பெனி கேட்டில் நாங்கள் நின்றபோது இருபத்தைந்து நிமிடம் லேட்.

செக்யூரிட்டி நோட்டைத் திறந்துவைத்துக் காரணம் கேட்டார். சுடலைமுத்து அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் லாவண்யா எழுந்தாள்.

"எங்க எல்லாருக்கும் வயிறு செரியில்லீங்க. அண்ணன் பாவம், எங்களுக்காக நிறுத்தி நிறுத்தி வந்தாரு."

நாங்கள் நாற்பது பேரும் உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். நான் கொஞ்சம் முனகவும் செய்தேன். அது கொஞ்சம் அதிகம்தான்.

நாற்பது பேருக்கு ஒரே நாளில் வயிறு கெட்டால் கம்பெனி சும்மா இருக்குமா? நர்ஸ் சுகுணா ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளோடு ஓடிவந்தார். எல்லோரும் முந்தின நாள் சாப்பிட்டது கேன்டீனில் என்று தெரிந்ததும் கேன்டீனை மூடச் சொல்லிவிட்டார்கள். ஆவி பறக்கும் பொங்கல் அண்டாவை யாரும் தொடக்கூடாதாம். சமையல்காரர் முனிராஜ் கரண்டியோடு கேட்டுக்கே வந்து நின்றார்.

"என் கை சாப்பாட்டுல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லீங்களே..."

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாங்கள் யாரும் வாய் திறக்குமுன் சுடலைமுத்து அண்ணன் பஸ்ஸைவிட்டு இறங்கினார்.

"அவர் மேல தப்பே இல்ல. இந்தப் பிள்ளைங்க எனக்காகப் பொய் சொல்லுது. வயித்தால போனது எனக்கு மட்டுந்தான்."

சுகுணா அவரை உட்காரவைத்து எல்லாம் விசாரித்தார். காய்ச்சலா, ரத்தம் போகிறதா என்று கேட்டார். இல்லை. ஓ.ஆர்.எஸ்.ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்.

"ரெண்டு நாளைக்கு வண்டி எடுக்கக்கூடாது. குழைஞ்ச கஞ்சி, இட்லி, வெந்நீர், அவ்வளவுதான். காபி, பால், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, நாளைக்கும் நிக்கலேன்னாலோ நேரா ஆஸ்பத்திரி. வெறும் குளிரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, அந்தப் பழைய சோறும் கெட்டிருக்கலாம். ஆனா உங்க வயித்துக்குக் குளிர் ஆகலேன்னு தெரியுது. காலையில சூடா சாப்பிடுங்க, வயித்தை மூடிக்கங்க." பிறகு சிரித்தபடி கேட்டார்: "உங்களுக்குத்தான் குளிரே தெரியாதுன்னாங்களே?"

அண்ணன் எங்களைப் பார்த்தார். முனிராஜைப் பார்த்தார்.

"பதினோரு வருசமா குளிருதும்மா," என்றார்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்தார், ஸ்வெட்டரோடு. மடிப்புக்கூடக் கலையவில்லை. ஆனால் பதினோரு வருடத்துக்கு முந்தைய அளவு. எல்லாப் பொத்தானும் போட்டிருந்தார், வயிற்றுக்கு நேரே இருக்கிற ஒன்றைத் தவிர. அப்போது சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். லாவண்யா தன் சால்வையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"ஜன்னலைச் சாத்துங்கண்ணா."

"கண்ணாடியில ஆவி புடிக்குமே?"

அவளிடம் ஒரு பழைய துணி தயாராக இருந்தது. முன்னால் போய் நின்று கண்ணாடியைத் துடைத்தாள். மத்திகிரி வரைக்கும் அவள். அதற்கப்புறம் என் முறை.